கத்தரிப்பூ நிற மொறிஸ் மைனர் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தில் அண்மையில் நடைபெற்ற பழைய வாகனக் கண்காட்சி பற்றித் தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கத்தரிப்பூ நிறம் அடித்து, ஜப்பானிய எஞ்சின் பூட்டி, அகலமான சில்லுகள் போட்ட மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்றை அங்கே நிறுத்த அனுமதித்ததால் கண்காட்சியின் தரமே கெட்டுப்போனது என்பது அவருடைய வாதம். அந்த வாகனத்தின் சொந்தக்காரன் நானே. என்னுடைய வேலையில் குறை காண அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் வீட்டு முற்றத்தில் தன் கையால் ஒரு காரை உருவாக்குபவனின் வேலையை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் அவருக்கும் அவரைப் போன்ற பலருக்கும் ஒரு குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அத்தகைய நிறத்தில் மொறிஸ் நிறுவனம் ஒருபோதும் கார் செய்ததில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் கௌலித் தொழிற்சாலையில் 1960 டிசம்பர் 22ஆம் திகதி பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். அதன் நினைவாக நிறுவனம் சுமார் 350 கார்களை வெளியிட்டது. அவை அனைத்தும் வெள்ளை இருக்கைகளோடு, வெளிர் கத்தரிப்பூ நிறத்திலேயே வந்தன. என்னுடைய கார் அவற்றில் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நிறத்தைத் தெரிவு செய்தவர் என் மனைவி. அந்த வரலாறு தெரிந்து அவர் தெரிவு செய்யவுமில்லை. பழைய வர்ணத்தைச் சுரண்டியபோது சாம்பலுக்கு அடியில் பச்சையும், பச்சைக்கு அடியில் மீண்டும் வேறொரு சாம்பலும் வந்தன. இவற்றில் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அந்த வாசகர் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

அசல் உருவத்தைச் சிதைக்கக் கூடாது என்பது அவருடைய இரண்டாவது குறை. மைனரின் முன்மூடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் தட்டையான பட்டையை அவர் பார்த்திருப்பார். வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று கருதி மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அந்தப் பட்டை அதன் அடையாளமே. ஏற்கெனவே செய்து முடித்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடைத்துண்டு வைத்துப் பொருத்தினார்கள். வெட்டி ஒட்டிப் பிறந்த காருக்கு முன்னால் நின்றுகொண்டு, வெட்டி ஒட்டியது பாவம் என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை யாழ்ப்பாணத்தவர்கள் மறக்கக் கூடாது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருந்தலான பின்னர், இங்குள்ள ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அவை அதைத் தாங்கின. காபரேற்றரை மாற்றியமைத்தவர்களும், கரி பிடித்த பிளக்குகளைக் கழற்றிக் கழற்றித் துடைத்தவர்களும், கிடைக்காத உதிரிப்பாகத்துக்குப் பதிலாக லேத்தில் ஒன்றைக் கடைந்து போட்டவர்களும் நமது கராச்சுகளில் வேலை செய்தவர்களே. கலியாண வீடுகளுக்குப் பூமாலையோடு போகும் ஒஸ்ரின் ஏ40 கார்களும், யாழ். பஸ் நிலையத்தருகே வாடகைக்கு நின்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் இன்றுவரை தப்பியிருப்பது அவற்றில் கை வைத்தவர்களால்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எதையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால், கண்காட்சிக்கு நிறுத்த இன்று ஒரு காரும் இருந்திராது.

அமெரிக்காவில் 'ஹொட் றொட்' என்று அழைக்கப்படும் வாகனங்களும் இதே போன்றதொரு தேவையில்தான் பிறந்தன. 1932இல் ஃபோர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 எனப்படும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுடன் கார் வெளியிட்டது. அந்தக் கார்கள் பழையனவாகி மலிந்தபோது, கலிபோர்னியாவின் தெற்கிலிருந்த இளைஞர்கள் அவற்றை வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினைப் பலப்படுத்தி, வரண்ட ஏரிப் படுக்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய உடல், புதிய பலம், வீட்டுக் கைவேலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஹொட் றொட். என் மைனரில் இருந்த 948 சீசீ எஞ்சினுக்குப் பதிலாக 1200 சீசீ நிசான் எஞ்சின் ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்களின் வி8க்கு முன்னால் அது ஒரு குழந்தை என்றாலும், முறை அதே முறைதான்.

இனி வர்ணத்துக்கு வருகிறேன், ஏனெனில் கண்காட்சியில் என் காதில் விழுந்தவற்றுள் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே. கூரையில் தூசு இருக்கிறது. கதவில் தோடம்பழத் தோல் போலப் பொருக்குத் தெரிகிறது. கடையில் அடித்த மினுக்கம் இல்லை. மூன்றும் உண்மை. கடையில் வடிகட்டிய காற்றும் சூடேற்றும் விளக்குகளும் கொண்ட அறை உண்டு. எங்கள் வளவில் இருப்பது தறப்பாள் கட்டிய ஒரு கொட்டில். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதி எந்தத் தறப்பாளையும் தாண்டி வரும். வாடைக் காற்றோடு மழை வரும் காலத்தில் அடித்தால் வேறு தொல்லை: வர்ணத்தை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வர்ணம் வெளிறிப் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடும். ஆகவே மழைக்கும் சோளகத்துக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனியில், காலைப் பனி உலர்ந்த பிறகு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடிக்க வேண்டும். கொம்பிரசர்த் தாங்கியின் அடியில் சேரும் தண்ணீரை இடையிடையே திறந்து விடாவிட்டால் அதுவும் வர்ணம் தெளிக்கும் துப்பாக்கி வழியாகத் தகட்டுக்கே வந்து சேரும்.

வர்ணம் அடிப்பது கடைசி வேலை. அதற்கு முந்திய வேலையைப் பார்க்கக் கண் வேண்டும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டாமல் அதன்மேல் பள்ளம் நிரப்பும் பசையான பட்டியைப் பூசினால், துரு உள்ளேயிருந்து மீண்டும் கிளம்பும். பட்டியைச் சில மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். பட்டி நீரை உறிஞ்சும் என்பதால் அதை உலர்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும். பிறைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகே வாட்டர் பேப்பருக்குத் தண்ணீர் தொட வேண்டும். அந்தத் தண்ணீரும் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது முக்கியம். உவர்நீரால் தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவாமல் விட்டால் உப்பு வர்ணத்துக்கு அடியில் தங்கும்; அந்த உப்பு ஈரத்தை இழுத்து, நாளடைவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கடற்கரையோரத்தில் இருப்பவர்கள் இதற்காகவாவது நன்னீர் கொண்டு வருவது நல்லது. தகட்டின் பள்ளம் மேட்டைக் கண்டுபிடிக்க, பிறைமரின் மேல் மெல்லிய கறுப்பைத் தூவி, நீண்ட கட்டையில் தாளைச் சுற்றித் தேய்ப்போம். பள்ளமான இடத்தில் கறுப்பு அழியாமல் நிற்கும். இந்த வேலைக்குச் செலவான நேரத்தின் முன்னால் நிறம் அடிக்கச் செலவான நேரம் ஒன்றுமேயில்லை.

கடை மினுக்கம் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இன்று கடைகளில் பெரும்பாலும் அடிப்பது 'டூ-கே' எனப்படும், ஹாட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்த பொலியூரித்தேன் வர்ணம். அந்த ஹாட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் அதன் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். அதற்குத் தூசுக் கவசம் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் மூலம் தரும் முகமூடி வேண்டும். முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு டூ-கே அடிக்கும் இளைஞர்களை இங்கே காணும்போது மனம் பதறுகிறது. எங்களிடம் அந்த முகமூடி இல்லாததால் பழைய நைட்ரோ செலுலோஸ் வர்ணத்தையே எடுத்தோம். அதன் தின்னரும் தீங்கற்றதன்று. நெருப்பு அண்டக் கூடாது. உரிய வடிகட்டி முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். ஆனால் ஐசோசயனேற் அதில் இல்லை. பொருக்கை 1500, 2000 இலக்கத் தாள்களால் தேய்த்துப் பொலிஷ் போட்டு இன்னும் இறக்கலாம், இறக்குவோம். மினுக்கத்துக்காகச் சுவாசப்பையை அடகு வைக்க நான் ஆயத்தமில்லை, என்னோடு நின்று வேலை செய்த பெறாமகனுக்கும் அதை அனுமதிக்க மாட்டேன்.

விமர்சகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இது காரோ, கலியாணப் பந்தலோ?" என்று தள்ளி நின்று சிரித்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். மோதிரம் போட்ட விரலால் பொனற்றை உரசிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பெறாமகனுக்குக் கோபம் வந்து, மத்தியானமே காரை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவோம் என்றான். யார் குறை சொன்னாலும், "எந்த இடத்தில் ஐயா, காட்டுங்கோ" என்று மட்டும் கேள் என்று அவனுக்குச் சொன்னேன். அதன் பிறகு கூட்டம் தானாகவே பிரிந்தது. பலர் கையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் குனிந்து காட்டினார்கள். அவர்களில் ஒருவர் வயதான மெக்கானிக். துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கதவின் கீழ்விளிம்பில் ஓட்டி, பட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொன்னார். பின்னர், கதவின் அடியில் மழைநீர் வடிவதற்காக உள்ள துளைகளில் ஒன்று வர்ணத்தால் அடைபட்டிருப்பதைக் காட்டி, இதைத் திறக்காவிட்டால் எதிர்வரும் மாரிக்குள் கதவு உள்ளேயிருந்து அரிக்கும் என்றார். நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று கிடைத்த பாராட்டுகள் எல்லாவற்றையும்விட அந்தக் குறை எனக்குப் பெறுமதியானது.

தங்கள் வாசகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எஞ்சினின் பலம் கூடினால் நிறுத்தும் பலமும் கூட வேண்டாமா? மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை பழைய டிறம் பிறேக்குகள். நாங்கள் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டியிருக்கிறோம். எஞ்சினையும் நிறத்தையும் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றுவதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பதும் அவசியம், அவற்றையும் செய்திருக்கிறோம். வீட்டில் கட்டிய காரைச் சோதிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது பிறேக்கையும் ஸ்ரியரிங்கையும் வெல்டிங் செய்து ஒட்டிய இடங்களையும் பற்றித்தான். கண்காட்சியில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டுமல்லர், புள்ளியிட்ட நடுவர்களும் என்னிடம் அவற்றைக் கேட்கவில்லை என்பது வருத்தமே.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அசல் நிலையிற் பேணிய கார்களுக்கும் வீட்டில் மாற்றிக் கட்டிய கார்களுக்கும் ஒரே புள்ளித்தாளைப் பயன்படுத்துவது இரண்டு தரப்பினருக்கும் நியாயமன்று. பல ஆண்டுகள் தேடி அசல் விளக்கையும் அசல் பிடியையும் வாங்கிப் பொருத்தியவரின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவரோடு போட்டியிட நான் வரவில்லை. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இலிருந்து நடைபெற்றுவரும் கண்காட்சி, அசல்தன்மை பார்ப்பதில் உலகிலேயே மிகக் கண்டிப்பானவற்றுள் ஒன்று. அவர்களே 1997இல் ஹொட் றொட்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்கக் கூடாதென்றில்லை. விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ஒரு பிரிவும், என்ன மாற்றினோம், யார் கையால் மாற்றினோம், எந்த வர்ணம் அடித்தோம் என்று எழுதிக் காரின் முன்கண்ணாடியில் வைக்க ஒரு அட்டையும், நடுவர்களில் ஒருவராவது ரிங்கர் எனப்படும் தகட்டு வேலையோ வெல்டிங் ஒட்டு வேலையோ தெரிந்தவராக இருப்பதும் போதும். காருக்கும் பார்வையாளர்களுக்கும் இடையில் ஒரு கயிறு கட்டினால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
மைனர் சொந்தக்காரர்,
உரும்பிராய்.