எண்ணெய்க் கம்பெனியும் ஆர்சனல் கோல்கீப்பரும்

லண்டன்
28.9.2010

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் பாப்பாவும் சுகமா? அன்றைக்குப் பேச்சு நடுவில் போன் கார்டு தீர்ந்து அறுந்துவிட்டது. நீங்கள் கேட்டதை எழுதியே சொல்லிவிடுகிறேன்: என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ பேப்பரைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் இருக்கிற பி.பி. எண்ணெய்க் கம்பெனி திவாலாகப் போகுதாமே" என்று பயமுறுத்தினார்களாம். நான் வேலை செய்கிற பெட்ரோல் பங்க்கின் மேலே இருக்கிற பச்சை மஞ்சள் பலகைதான் கம்பெனியுடையது. பங்க் ஒரு குஜராத்திக்காரருடையது, சம்பளம் தருவதும் அவர்தான். அப்புறம், இங்கே பெட்ரோல் போட்டுவிட ஆள் கிடையாது. கோட்டு சூட்டுப் போட்டவராக இருந்தாலும் இறங்கி, தானே குழாயைச் செருகிப் போட்டுக்கொண்டு, உள்ளே வந்து காசு கொடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்குவதோடு என் வேலை சரி. ராத்திரியில் கதவைப் பூட்டிவிட்டுச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். விலையைத்தான் திட்டுகிறார்கள். கடலில் எண்ணெய் கொட்டியதற்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவரை நான் பார்க்கவில்லை.

ஆனால் கம்பெனிக்கு விழுந்தது பெரிய அடிதான். ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றுக்குத் துளைபோடும் மேடை வெடித்து 11 பேர் செத்தார்கள். தண்ணீருக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கிணற்றிலிருந்து 87 நாள் எண்ணெய் கொட்டியது. முதலில் நாளுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள், பிறகு 5,000 என்றார்கள். ஆகஸ்டில் விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்தபோது, ஆரம்பத்தில் நாளுக்கு 62,000 என்று வந்தது. ஜூலை 15-இல் மூடி போட்டு நிறுத்தி, போன வாரம்தான், 19-ஆம் தேதி, சிமென்ட் இறக்கி ஒரேயடியாக மூடினார்கள். நஷ்டஈட்டுக்கு 2,000 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. பங்குதாரர்களுக்குப் பணம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இங்கே பென்ஷன் நிதிகளெல்லாம் இந்தக் கம்பெனிப் பங்கை நம்பி இருப்பதால், தினமும் பேப்பர் வாங்க வருகிற ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கவலைப்படுவார். நானே கம்பெனியை நடத்துகிற மாதிரி!

கம்பெனியின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்டின் வாய்தான் அவருக்கு எமன். கரையோர மீனவர்கள் பிழைப்பில்லாமல் நிற்கும்போது, இது முடிந்தால் போதும், என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்று பேட்டி கொடுத்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஜூனில், எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, இங்கே பாய்மரப் படகுப் போட்டி பார்க்கப் போனார். வெள்ளிக்கிழமை முதல் அவருக்குப் பதில் பாப் டட்லி என்ற அமெரிக்கர் வருகிறார்.

உங்களுக்குப் பிடித்த கோல்கீப்பர் விஷயத்துக்கு வருகிறேன். கிணறு பொங்கினால் குழாயை நெரித்து அடைப்பதற்காகவே கடலடியில் ஐந்து மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கருவி இருந்தது. அது அடைக்கவில்லை. எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதம் கம்பெனி வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால், அது கடைசித் தடுப்புத்தான். அதற்கு முன்னாலேயே சிமென்ட் பிடிக்கவில்லை. கிணறு அடைபட்டதா என்று அழுத்தம் பார்த்த சோதனையில் கோளாறு தெரிந்தும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். வாயு மேலே ஏறியதையும் கவனிக்கவில்லை. இப்படி எட்டுக் காரணம். (பி.பி. பாதிப் பழியை ஒப்பந்தக்காரர்கள் மேல் தள்ளிவிட்டதாக, மேடைக்குச் சொந்தக்காரக் கம்பெனி கத்துகிறது. அதுவும் நியாயம்தான்.) கார்டைட் பேக்டரி ஃபுட்பால் டீமுக்குக் கோலியாக நின்ற நாளில் நீங்கள் சொல்வீர்களே, கோலி விட்ட பந்தைத்தான் ஊர் பார்க்கும், முன்னால் நாலு பேர் விட்டதை எவனும் பார்க்க மாட்டான் என்று. அந்த அறிக்கைச் செய்தியைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இங்கே லண்டன் ஃபுட்பால் டீமான ஆர்சனல் விஷயத்தில் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பங்க்குக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி அந்த டீம்காரர்கள்தான். சனிக்கிழமை சொந்த மைதானத்தில் வெஸ்ட் ப்ராம் டீமிடம் 2-3 என்று தோற்றார்கள். கோலி அல்முனியா முதல் பாதியில் பெனால்டியையே பிடித்தார். இரண்டாம் பாதியில் ஹாரா என்பவர் அடித்த சாதாரணப் பந்து அவருக்கு அடியில் நுழைந்து போனது. மூன்றாவது கோலுக்குத் தேவையில்லாமல் கோலை விட்டு வெளியே ஓடினார். ஆர்சனலின் இன்னொரு கோலி ஃபபியான்ஸ்கி. பிப்ரவரியில் போர்ட்டோ டீமுக்கு எதிராக, நம் ஆளே காலால் தள்ளிய, கோலி தொடக் கூடாத பந்தைக் கையில் எடுத்து ஃப்ரீ கிக் கொடுத்தார். நடுவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பதற்குள் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் விகனிடம் 2-0 முன்னிலையில் இருந்து, கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு, 2-3 தோல்வி.

பந்து நழுவுவது யாருக்கும் நடக்கும். இரண்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆர்சனல் மேனேஜர் வெங்கர் என்ன செய்தார்? கோடையில் ஃபுல்ஹாம் டீமின் கோலி ஷ்வார்சரைக் கேட்டார். அவர்கள் விடவில்லை. உடனே, இருக்கிறவர்களே போதும் என்று உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் பீப்பாய் என்று சொன்னவர்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? பையன்களைத் திட்டி என்ன பயன், அவர்களைக் கோலியாக நிற்க வைத்தது யார்?

உலகக் கோப்பையில் இங்கிலாந்து கோலி ராபர்ட் கிரீன் அமெரிக்காவுக்கு எதிராக விட்ட பந்தை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மறுநாளே ஒரு பத்திரிகை எண்ணெய்க் கசிவையும் அதையும் முடிச்சுப் போட்டுக் கேலி செய்தது. அன்று அந்தப் பெரியவர் முதல் முறையாகச் சிரித்தார்.

இந்த மாதப் பணம் வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பியிருக்கிறேன், அதை எடுக்கிற நம்பரைப் பாப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். செய்கிறேன். அதில் முதலில் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவரைப் பாருங்கள். போன நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் எத்தனை பேர் போனார்கள்! சுவரில் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டைகள் அடைத்திருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வைத்து எடுத்துவிடுங்கள். கூலி கூட ஆனாலும் பரவாயில்லை. நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்