எட்டு மாதம் கழித்து ஒரு பதில்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அங்கே மதினி, பிள்ளைகள் எல்லாம் சுகம்தானே? பெரிய பாய் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி கேரம் ஆட வருகிறாராமே, ஸ்ட்ரைக்கரை ஒளித்து வை.

நவம்பரில் நீ போட்ட கடிதம் என் மேசை மேலேயே கிடக்கிறது. பேரன் கப்பல் படிப்புக்குப் போகிறேன் என்கிறான், அனுப்பலாமா, நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாய். நான் மறக்கவில்லை. பேனாவை எடுத்தால் செல்வத்தின் அம்மா வாசலில் நீயும் நானும் போய் நின்ற நாள் ஞாபகத்துக்கு வரும். மூடி வைத்துவிடுவேன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. நீ கோபமாக இருப்பாய். இரு, நியாயம்தான். ஆனால் இதைக் கடைசி வரைக்கும் படி.

போன மாதம் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஃபெர்ரி ஏறி, வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகளுக்குப் போனோம். அங்கே தெற்குக் கோடியில் சம்பர்க் முனை, அதன் மேல் 1821ல் கட்டிய கலங்கரை விளக்கம். நான் கப்பலில் தேர்ட் மேட்டாக, மூன்றாம் நிலை அதிகாரியாக இருந்தபோது ஒரு நடு ராத்திரி அந்த வெளிச்சத்தைத் தாண்டியிருக்கிறேன். சார்ட்டில், அதான் கடல் வரைபடத்தில், அந்த இடத்தில் அலை அலையாகக் குறி போட்டிருக்கும். கேப்டன் தூங்காமல், கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையான பிரிட்ஜிலேயே நின்றார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்தத் தடவை பகலில், கரையில் நின்று பார்த்தேன். காற்றே இல்லை. கடல் மற்ற இடமெல்லாம் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் உலைநீராகக் கொதிக்கிறது. அலை கரையைப் பார்த்து வரவே இல்லை. நின்ற இடத்திலேயே எழுந்து, உடைந்து, மறுபடி அங்கேயே எழுந்தது. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே வடகடல், இரண்டு பக்கத்து நீவாடும், அதான் கடல் நீரோட்டமும், அந்த முனையில் நெருக்கிக்கொண்டு மோதுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் அதை ரூஸ்ட் என்கிறார்கள். அப்பா பார்த்திருந்தால் தோணியைத் திருப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

அங்கே நிற்கும்போதுதான் மகள், 1248ல் ஒரு ராஜாவும் ராணியும் முழுகிப்போன இடம் இது என்றாள். ஊர் திரும்பியதிலிருந்து அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ராஜா பெயர் ஹாரால்ட். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கிற மேன் தீவும், ஸ்காட்லாந்துக்கு மேற்கே சிதறிக் கிடக்கிற ஹெப்ரிடிஸ் தீவுகளில் பாதியும் அவனுடையவை. அந்த ராஜ்யத்தின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், நடுவில் முழுக்கத் தண்ணீர். நார்வேக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தெற்குத் தீவுகள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருப்பது எப்படித் தெற்கு? நார்வேயிலிருந்து ஷெட்லாந்து, அதற்குத் தெற்கே ஓர்க்னித் தீவுகள் வழியாகக் கப்பலில் இறங்கி வருகிறவனுக்கு அது தெற்கு. பிரிட்ஜில் நிற்கிற ஆள் வைத்த பெயர் அது. மேன் தீவு பிஷப்பின் பட்டத்தில் இன்றைக்கும் சோடோர் என்று அந்த நார்வே மொழிப் பெயர் உருமாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எப்படிப்பட்ட ஆட்கள் என்கிறாய்! இந்த வம்சத்தைத் தொடங்கிய காட்ரெட் குரோவன் இரண்டு தடவை மேன் தீவில் தோற்றான். 1079ல் மூன்றாவது தடவை வந்து, ராத்திரியோடு ராத்திரியாக மலைக்காட்டில் 300 பேரை ஒளித்து வைத்து ஜெயித்தான். ஸ்காட்லாந்தில் படகு கட்டுகிறவன் எவனும் மூன்று ஆணிக்கு மேல் அடிக்கத் துணியாத அளவுக்கு இவனுக்குப் பயந்தார்களாம், மேன் தீவுத் துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கணேசன் மேஸ்திரியிடம் சொல்லிப் பார், மூன்று ஆணியில் ஒரு படகை நிறுத்துவாரா என்று. அடுத்து, 1098ல் நார்வே ராஜா மேக்னஸ் வந்தான். கப்பல் சுற்றிவர முடிகிற இடமெல்லாம் உன்னுடையது என்று ஸ்காட்லாந்து ராஜாவோடு ஒப்பந்தம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற கின்டைர் தீவே இல்லை, நிலத்தோடு ஒட்டிய நாக்கு. அவன் கப்பலைச் சுக்கான் பூட்டி, தான் அதைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஆட்களை விட்டுக் கழுத்து நிலத்தின் குறுக்கே இழுக்கச் சொன்னான் என்கிறது அவர்கள் கதை. சுற்றி வந்தாயிற்று, எனக்குத்தான்! ஹாரால்டின் பெரியப்பன் ராக்ன்வால்ட் மூன்று குளிர்காலம் புகை படிந்த கூரைக்குக் கீழே தலை வைக்காமல் போர்க்கப்பலிலேயே கிடந்தவன். தன் தம்பியோடு சண்டை போட்டே 1229ல் செத்தான் என்பது தனிக் கதை. நீயும் உன் அண்ணனும் பேச ஆரம்பித்துவிட்டீர்களா?

சரி, ஹாரால்டுக்கு வருகிறேன். ஒரு பக்கம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, இன்னொரு பக்கம் நார்வே, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய நிலைமை அவனுக்கு. 1247ல் இங்கிலாந்து ராஜா அவனுக்கு நைட் பட்டம் கட்டினார். அங்கிருந்து நார்வே போனான். ஹாகோன் ராஜா தன் மகள் சிசிலியாவையே கட்டிக் கொடுத்தார். முதல் புருஷனை இழந்த பெண் அது. 1248ல் பெர்கனில் கல்யாணம். இலையுதிர் காலத்தில் சீர்வரிசை, பிரபுக்கள், மேன் தீவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுத்த பிஷப், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சம்பர்க் முனையில் அந்த ரூஸ்ட் அத்தனை பேரையும் விழுங்கிவிட்டது.

அடுத்த மே மாதம் 6ஆம் தேதி ஹாரால்டின் தம்பி பட்டத்துக்கு வந்தான், 30ஆம் தேதி அவனை வெட்டிப் போட்டார்கள். அதோடு அந்த ராஜ்யம் தலை தூக்கவில்லை. எல்லோரும் 1263 லார்க்ஸ் சண்டையைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் எல்லாம் 1248லேயே, நான் நின்ற அந்தப் பாறைக்குக் கீழேயே முடிந்துவிட்டது.

லார்க்ஸைப் பற்றி எனக்கு ஆத்திரமே வருகிறது. தீவுகளை ஸ்காட்லாந்து பிடித்துவிடாமல் காக்க, கிழவர் ஹாகோன் ஜூலையில்தான் கிளம்பினார். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஓர்க்னியில் இருக்கும்போது சூரிய கிரகணம். அங்கிருந்து இறங்கி ஸ்காட்லாந்தின் மேற்கே கிளைட் ஆற்று வாய்க்கு வந்தால், ஸ்காட்லாந்து ராஜா அலெக்சாண்டர் பேசுவோம் பேசுவோம் என்று நாளைக் கடத்துகிறான். புயல் மாதம் வரட்டும் என்றுதான். வந்தது. நங்கூரம் அறுந்து கப்பல்கள் கரையேறின, அக்டோபர் 2ஆம் தேதி அந்தக் கப்பல்களைக் காப்பாற்றப் போட்ட சண்டைதான் லார்க்ஸ். வாழ்நாளெல்லாம் கடலைப் பார்த்த ராஜா, மகளை அதே மாதிரிப் பருவத்தில் பறிகொடுத்தவர், எப்படி இதைச் செய்தார்? ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து இதையே நினைக்கிறேன்.

ஷெட்லாந்திலிருந்து திரும்பும்போது ஓர்க்னியில், கிர்க்வாலில் இறங்கி, ஹாகோன் நோயில் படுத்துக் கிடந்த பிஷப் மாளிகையைப் பார்த்தேன். இப்போது கூரை இல்லை, வெறும் சுவர். அந்தக் குளிர்காலம் அவர் ஊர் திரும்பவில்லை. முதலில் லத்தீன் புத்தகங்கள் வாசிக்கச் சொன்னார், பின்தொடர முடியவில்லை. தாய்மொழியில் வாசியுங்கள் என்றார். புனிதர் கதைகள், அப்புறம் வரிசையாக முன்னோர் கதைகள், கடைசியில் தாத்தா ஸ்வெரே கதை. அது முடியும்போது நடு ராத்திரி. கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. மூன்று வருஷத்தில் அவர் மகன் 4000 மார்க் பணத்துக்கும் வருஷம் 100 மார்க்குக்கும் அந்தத் தெற்குத் தீவுகள் அத்தனையையும் ஸ்காட்லாந்துக்குக் கொடுத்துவிட்டான்.

சிசிலியா செய்தியை அவரிடம் போய்ச் சொன்னவன் யாராக இருப்பான், முருகேசா? அந்தச் சுவருக்குள் நின்று அதைத்தான் நினைத்தேன். நாமும் சொல்லியிருக்கிறோம் இல்லையா.

இப்போது உன் பேரன் விஷயம். அனுப்பு. முப்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட வேலையை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது, சொன்னாலும் அந்த வயசுப் பிள்ளை கேட்கமாட்டான். இப்போது ராடார் முன்னைவிட நல்லது, வானிலை அறிக்கை வேளைக்கு வேளை வருகிறது, எங்கள் காலம் மாதிரி இல்லை. ஆனால் படிப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் என்னிடம் அனுப்பி வை. கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லுகிற டைட் டேபிள் பார்க்கவும், சார்ட்டில் அந்த அலைக்குறி எதற்கு என்றும் நானே சொல்லித் தருகிறேன். சம்பர்க் பக்கத்துச் சார்ட்டில்தான் ஆரம்பிப்பேன்.

அவனுக்கு நீச்சல் தெரியுமா? அதை உடனே எழுது.

உன்,
தங்கராசு