இடது காலும் அப்பாவின் புல்லட்டும்

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தும் "அப்புறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ உன் ஜாவா பைக்கை விற்கப்போவதாக மணி சொன்னான். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன், தப்பிக்க முடியாது உன்னால்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் முடிந்ததிலிருந்து எனக்கு இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், பாதத்தின் நடுவில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், மறுநாள் திரும்ப வரும். நம் சேசு அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியும். சர்க்கரையால் அவருக்குக் கால் விரலை எடுத்த அன்று நீயும் நானும்தானே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். அது மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உன் போனை எடுத்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் பேசவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் டாக்டரிடம் பிடித்து இழுத்துப்போனாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள், மூன்று மாத சராசரியும் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடிவிட்டு, "சர்க்கரையால் வந்தால் பெரும்பாலும் இரண்டு பாதத்திலும்தான் தெரியும். உங்களுக்கு ஒரு கால் மட்டும்தானே? என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது சேகர்.

அந்த வாரமே அப்பாவின் புல்லட்டை நம் மெக்கானிக் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். வேறு ஒரு தொல்லையும் கூடவே இருந்தது. நாலாவது கியரில் மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. சிறுமலைக்குப் போனபோது அந்த 18 கொண்டை ஊசி வளைவில் பாதியைக்கூடத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தோம். காலையில் உதைத்தால் கிக்கர் மட்டும் வழுக்கிக்கொண்டு கீழே போகும், எஞ்சின் அசையாது. பழைய புல்லட்டில் கிக்கரின் உதை, எஞ்சினையும் கியரையும் இணைத்துப் பிரிக்கிற கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அதனால் கிளட்ச் வழுக்கினால் முதலில் காலுக்குத்தான் தெரியும். மேடு ஏறாததும் கிக்கர் வழுக்குவதும் வேறு வேறு கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

பாய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதை யார் கடைசியா பிரிச்சது?" என்றார். மாசியில் இடது பக்கச் செயின் கவரில் (கிளட்ச்சும் அதற்குள்தான்) ஆயில் கசிகிறது என்று ஒரு கடையில் விட்டிருந்தேன். அந்தக் கவரைக் கழற்ற வேண்டுமானால் இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் முதலில் எடுத்தாக வேண்டும். திரும்பப் பூட்டியவர் ஸ்பிரிங் வாஷரைப் போடவே இல்லை. நட்டு கையாலேயே திரும்பியது! பாய் டார்ச் அடித்து எஞ்சினின் பின்பக்கப் போல்ட்டைக் காட்டினார். அதைச் சுற்றிக் காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டேன், கோலப்பொடி மாதிரி ஒட்டியது. போல்ட் தளர்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் மட்டும்தான் அந்தப் பொடி வருமாம்.

பழைய புல்லட் அதிரத்தான் செய்யும், அது அதன் பிறப்பு. 70 மில்லிமீட்டர் அகலத்தில் ஒற்றை பிஸ்டன், 90 மில்லிமீட்டர் தூரம் போய் வருகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 தடவை நின்று திரும்புகிறது. அந்த உலுக்கலில் ஒரு பங்கைத்தான் உள்ளே இருக்கும் எதிர் எடை வாங்கிக்கொள்ளும். மீதி சேஸிக்குத்தான் போகும். அந்தச் சேஸியில் எஞ்சினுக்குக் கீழே தாங்குகிற குழாய் கிடையாது, எஞ்சினே சேஸியின் ஒரு துண்டாக நிற்கிறது. அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் மொத்த வண்டியும் தளர்ந்த மாதிரிதான். அந்த அதிர்வுதான் தளர்ந்த ஃபுட்ரெஸ்ட் வழியாக என் இடது பாதத்தில் இறங்கியிருக்கிறது. அப்பா முப்பது வருடம் ஓட்டினார், அவருக்கு ஒருநாளும் கால் மரத்ததில்லை.

கிளட்ச் கதை இன்னும் மோசம். கவருக்குள் ஊற்றியிருந்தது கார் ஆயில். பழைய புல்லட்டில் அந்தப் பக்கத்துக்குத் தனி ஆயில், அரை லிட்டர்கூடப் பிடிக்காது. ஆனால் கிளட்ச் பிளேட்டுகள் அதில்தான் முங்கிக் கிடக்கின்றன. வழுவழுப்புக்காகச் சில கார் ஆயிலில் சேர்க்கிற சரக்கு, பிளேட்டின் பிடிப்பைத் தின்றுவிடும். பைக்குக்கு வாங்கும்போது டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (ஆயிலில் முங்கிய கிளட்ச்சுக்கு ஒத்துவரும் என்கிற தர முத்திரை) என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வழுக்குகிறது என்று நான் திரும்பப் போய்ச் சொன்னதற்கு அந்தக் கடையில் கேபிளை முறுக்கி விட்டார்கள். லீவரில் துளி தளர்வுகூட இல்லை. தளர்வே இல்லாத கேபிள், கிளட்ச்சைப் பாதி பிடித்த மாதிரியே வைத்திருக்கும். வழுக்கலுக்கு வழுக்கலையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை முழுவதும் பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு இரும்புப் பிளேட்டையும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அமுக்கிப் பார்த்தோம். ஒன்று மட்டும் டக் டக் என்று ஆடியது, வளைந்திருந்தது. அதை மாற்றினோம். லைனிங் பிளேட்டுகள் ஆயில் குடித்துப் பளபளவென்று இருந்தன, அவையும் ஸ்பிரிங்குகளும் புதிது. ஆயிலை அளவுத் துளையில் சொட்டும்வரை ஊற்றி நிறுத்தினோம். அந்தக் கவரை ஒரே ஒரு நடு நட்டுத்தான் பிடித்திருக்கிறது. கசிகிறது என்று அதை வெறியோடு இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும். பாய் இரண்டு விரல் வைத்து முறுக்குகிற மாதிரி மெதுவாக முறுக்கினார். லீவரில் மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டார். எஞ்சின் போல்ட்டுக்கு அதிர்வில் எளிதில் தளராத நைலாக் நட்டு, ஃபுட்ரெஸ்டுக்குப் புது வாஷர்.

நேற்றுக் காலை தனியாகச் சிறுமலை ஏறினேன். மேலே போய் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நின்றேன். ஈரம் தெரிந்தது சேகர். ஒவ்வொரு புல்லும் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

சரி, உன் ஜாவா. "வயசாயிடுச்சு, இனி உதைக்க முடியாது" என்று மணியிடம் சொன்னாயாமே. ஆண்டிப்பட்டி கணவாயில் நீ செய்த காரியத்துக்குப் பிறகு அதை நான் நம்பவேண்டுமா? வழுக்குவது உன் கால்தான் என்று முடிவு கட்டாதே. முதலில் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பார், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேள். அதற்குள் விலை பேசிவிடாதே.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பாய் கடையில் உனக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியோடு வா. அப்பாவின் ரிங் ஸ்பானர் செட் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, அதையும் எடுத்து வா.

அப்புறம், இந்தத் தடவை நீ போன் செய், முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

உன்
குமார்