கண் சிவந்தா வயித்தையும் ஒருக்கா கேளுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன காலபோக வெட்டு நேரம் அக்காவின்ர இடக்கண் செக்கச்செவேலெண்டு சிவந்து வெளிச்சம் பாக்கேலாமல் தண்ணியா ஓடிச்சு, வயலுக்குள்ள நிண்டவா தானே நெல்லுச்சுணை பட்டிருக்கும் எண்டு ஆளாளுக்குச் சொல்ல நந்தியாவட்டைப் பூவும் பிழிஞ்சு விட்டு, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரியிட்ட தாய்ப்பாலும் வாங்கி விட்டு கடைசியா பாமசியில டொக்டரின்ர துண்டில்லாமலே ஒரு சொட்டுமருந்து வாங்கியாச்சு. மூண்டு நாள் நல்லம். நாலாம் நாள் முந்தினதை விட மோசம்.

கண் டொக்டர் ஒரு செம்மஞ்சள் கடதாசித் துண்டை கண்ணில தொட்டுப்போட்டு நீல லைற்றை அடிச்சார், கருவிழியின்ர ஓரத்தில வெட்டின நகத்துண்டு மாதிரி பச்சையா ஒரு பிறை, கருவிழி கரைஞ்சு புண்ணான இடமாம். எனக்கும் காட்டினவர். பிறகு கேட்டார், "வயிறு எப்பிடியம்மா?" ஆள் மாறிக் கேக்கிறாரோ எண்டு நினைச்சன்.

அக்காவுக்கு வயித்தாலை சளியும் ரத்தமுமா போறது புதிசில்லை. மூலம் மூலம் எண்டு வருசக்கணக்கா நாட்டுமருந்து குடிச்சு, பிறகு கமரா விட்டுப் பாத்துத்தான் பெருங்குடல் புண் எண்டு தெரிஞ்சது, கொஞ்சம் சுகம் வந்தோடன குளிசையை விட்டிட்டா. அந்த வருத்தத்தில உடம்பின்ர எதிர்ப்புச்சக்தி தன்ர உடம்போடையே சண்டை பிடிக்குதாம், குடலோட நிக்காமல் மூட்டு, தோல், கண் எண்டும் போகும். கண்ணில அதிகமா வாறது வெள்ளைமுழி சிவக்கிறதும் உள்ளுக்கை வீங்கிறதும்தான், கருவிழி ஓரம் கரையிறது அபூர்வம், ஆனா விட்டா ஓட்டையே விழும். சொட்டுமருந்து மட்டும் காணாது, உடம்புக்கும் மருந்து வேணும்.

இது புதுக் கதையுமில்லை. குரோன் எண்ட அமெரிக்க டொக்டர் பெருங்குடல் புண்காரரின்ர கண்ணைப்பற்றி 1925இலேயே எழுதிப்போட்டார், அவற்ர பேரில இருக்கிற குடல் வருத்தத்தைப் பற்றி எழுதினதே 1932இலதான்.

எனக்குக் கோவம் அந்தச் சொட்டுமருந்தில. ஸ்டீரொய்ட் கலந்ததாம். சிவப்பைக் கெதியா மறைக்கும், அக்காவின்ரயைப் போல கண்ணில கருவிழியை இன்னும் மெல்லிசாக்கவும் கூடும், உண்மையிலேயே சுணை பட்டு பூஞ்சணம் பிடிச்ச கண்ணெண்டா பூஞ்சணத்துக்குச் சோறு போட்ட மாதிரி. வயல் செய்யிற எங்கட வன்னியில இதை ரொபி மாதிரி எடுத்துக் குடுக்கிறதை ஆரும் கேக்க மாட்டினமோ?

மற்றது, கண் கிளினிக் ஒரு நாள், வயித்துக் கிளினிக் இன்னொரு நாள், கொப்பியும் வேற வேற, ஒண்டில இருக்கிறது மற்றதில இல்லை. முன்மட்டையில "பெருங்குடல் புண் உள்ளவர், கண் சிவந்தா உடன அனுப்பவும்" எண்டு ஒரு வரி எழுதிவிட்டா எவ்வளவு உதவி. அக்கா இப்ப ரெண்டு கொப்பியையும் ஒரே சொப்பின் பையுக்க வைச்சுக் கொண்டுதான் பஸ் ஏறுறா, எந்தக் கிளினிக் எண்டாலும் ரெண்டையும் மேசையில வைப்பா.

இப்படிக்கு,
வட்டக்கச்சி வாசகன்