எம்எஸ் வந்தவங்கள உக்கார வைக்காதீங்க, நிக்க பழக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்எஸ்), அதாவது மூளை, தண்டுவட நரம்போட உறை கெட்டுப்போற நோய் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், ஊசி, மாத்திரை, எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் நல்லா விவரமா எழுதியிருந்தீங்க, சந்தோஷம். ஆனா கடைசில நோயாளிங்க நல்லா ஓய்வு எடுக்கணும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

எனக்கும் எம்எஸ் இருக்கு. எங்கள மாதிரி ஆளுங்க வீட்டுல அடிக்கடி கேக்கறது "உடம்ப அலட்டிக்காத, சும்மா உக்காரு"ங்கறதுதான். பாசத்துலதான் சொல்றாங்க, தெரியும். ஆனா உக்காந்தே இருந்தா கால்ல பலம் போகும், பலம் போனா நிக்கவே பயமா இருக்கும், பயம் வந்தா இன்னும் உக்காருவோம், கடைசில நோயால போனது எவ்வளவு, சும்மா இருந்ததால போனது எவ்வளவுன்னு பிரிச்சே பாக்க முடியாது.

இந்த ஓய்வு பேச்சுக்கு பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. 1890ல வில்ஹெல்ம் ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர், எம்எஸ் உள்ள சிலருக்கு உடம்ப அசைச்சு வேலை செஞ்சா பார்வை மங்குதுன்னு பாத்து எழுதினார். உடம்பு சூடாகும்போது மையலின் உறை (நரம்ப சுத்தி இருக்கற கவசம்) கெட்டுப்போன நரம்புல சிக்னல் போறது இன்னும் தடுமாறும், அதான் காரணம், சூடு எறங்கினா பழையபடி ஆயிடும், நோய் கூடினதா அர்த்தம் இல்ல. ஆனாலும் ரொம்ப வருஷம் டாக்டர்களே எக்சர்சைஸ் வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 1996ல அமெரிக்காவுல 54 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு 15 வாரம் ஏரோபிக் பயிற்சி குடுத்து பாத்தாங்க, பயிற்சி பண்ணவங்களுக்கு உடம்புல தெம்பும் பலமும் கூடியிருந்துச்சு. அப்புறம் பல ஆய்வுகள சேத்து பாத்தப்பவும் எக்சர்சைஸால ரிலாப்ஸ் (நோய் திடீர்னு திரும்ப தீவிரமாகறது) அதிகமாகறதா தெரியவே இல்ல. இவ்வளவுக்கு அப்புறமும் பேப்பர்ல ஓய்வு எடுங்கன்னு வந்தா மனசு கஷ்டமா இருக்கு சார்.

இப்ப பேலன்ஸ் விஷயத்துக்கு வர்றேன். நாம விழாம நிக்கறதுக்கு மூளைக்கு மூணு எடத்துலேர்ந்து தகவல் வேணும், கண்ணு, உள்காது, அப்புறம் பாதமும் மூட்டும் அனுப்பற உணர்வு. எம்எஸ்ல பாதத்துலேர்ந்து தண்டுவடம் வழியா மேல போற சிக்னல் லேட்டாகும், அதனால உடம்பு சாயுதுன்னு மூளைக்கு தெரியறதுக்குள்ள பாதி சாஞ்சிருப்போம். சிறுமூளைலயும் பாதிப்பு இருந்தா தள்ளாட்டம் இன்னும் கூடும். அதனாலதான் நாங்க எல்லாத்துக்கும் கண்ணையே நம்பி தரைய பாத்துட்டே நடக்கறோம், இருட்டுலயும், முகத்துக்கு சோப்பு போட்டு கண்ண மூடும்போதும் சட்டுனு ஆடிப்போறோம். ரோட்டுல தள்ளாடினா குடிச்சிருக்கான்னு பேசறவங்களும் இதை தெரிஞ்சுக்கிட்டா நல்லது. 4 நாட்டு ஆட்கள் 537 பேரோட விவரத்த சேத்து பாத்த ஒரு ஆய்வுல, 3 மாசத்துக்குள்ள பாதிக்கும் மேல பேர் ஒரு தடவையாவது கீழ விழுந்திருந்தாங்க. இது சின்ன விஷயமா?

நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, பேலன்ஸுக்கு தனியா பயிற்சி பண்ணணும், சைக்கிள் மிதிக்கறது, வெயிட் தூக்கறது எல்லாம் நல்லதுதான், ஆனா நிக்கறதும் நடக்கறதும் நேரடியா பழகினாதான் பேலன்ஸ்ல நல்ல மாற்றம் வருது. ரூம் மூலைல முதுக சுவர் பக்கம் வெச்சு நின்னு, முன்னாடி ஒரு கனமான சேர போட்டுக்கணும், விழுந்தா புடிக்க எல்லா பக்கமும் ஏதாவது இருக்கும். மொதல்ல கால் ரெண்டையும் ஒட்டி வெச்சு நிக்கணும், அது சுலபமான அப்புறம் ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதம், அப்புறம் மெத்துனு இருக்கற ஃபோம் மேல, அப்புறம் கண்ண மூடி. தலைய ரெண்டு பக்கமும் திருப்பிட்டே ஒரு எழுத்த உத்து பாக்கற பயிற்சியும் உண்டு, உள்காதுக்கும் கண்ணுக்கும் அது நல்லது. நடந்துட்டே 100லேர்ந்து ஏழு ஏழா கொறைச்சு எண்றது இன்னொண்ணு, ஏன்னா நெசத்துல நாம யாரோடவோ பேசிட்டு ஏதோ யோசனைலதான நடக்கறோம், பல பேர் விழறதும் அப்பதான். இதுல அளவு ரொம்ப முக்கியம், துளி கூட ஆடாம நின்னா அது பயிற்சியே இல்ல, ஒவ்வொரு தடவையும் சேர புடிக்க வேண்டி வந்தா அது இப்போதைக்கு அதிகம். பக்கத்துல ஆள் இல்லாம கண்ண மூடி பண்ணவே கூடாது.

சூட்டுக்கு ஃபேன், குளிர்ந்த தண்ணி, நடுவுல கொஞ்சம் இடைவெளி, இது போதும் பெரும்பாலும். ரிலாப்ஸ் நேரத்துல டாக்டர கேக்காம பண்ணாதீங்க. வீல்சேர்ல இருக்கறவங்களுக்கும் இது உண்டு, வயிறு முதுகு தசைய பலப்படுத்தி சாயாம உக்கார பழகினாலே கட்டில்லேர்ந்து சேருக்கு மாறறது எவ்வளவு லேசாகும் தெரியுமா, அவங்கள யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல.

அதிகமா ஆசை காட்டவும் எனக்கு விருப்பம் இல்ல. பேலன்ஸ் டெஸ்ட்ல மார்க் கூடுதுங்கறதுக்கு ஆதாரம் இருக்கு, ஆனா விழறது நெசமாவே எவ்வளவு கொறையுதுங்கறதுக்கு இன்னும் உறுதியான ஆதாரம் வரல. போன நரம்பு உறையும் இதால திரும்ப வராது. விட்டுட்டா கெடைச்சது போயிடும், அதனால தொடர்ந்து பண்ணணும்.

டாக்டர்கள்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், நோய் இதுன்னு தெரிஞ்ச உடனேயே பிசியோகிட்ட அனுப்புங்க, மொதல் தடவ விழுந்து எலும்பு ஒடையற வரைக்கும் காத்திருக்காதீங்க. பெர்க் பேலன்ஸ் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, செஞ்சு காட்ட 14 வேலை, மொத்தம் 56 மார்க், பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஆரம்பத்துலயே எடுத்து வெச்சா அப்புறம் கூடுதா கொறையுதான்னு ஒப்பிட்டு பாக்கலாம்.

உங்க பேப்பர்ல அடுத்து எம்எஸ் பத்தி எழுதும்போது நரம்பு பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர்கிட்ட பேசி இந்த பயிற்சிகள படத்தோட அரைப் பக்கமாவது போடுங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எங்கள்ல நெறைய பேருக்கு கண் நரம்பும் பாதிச்சிருக்கு.

இப்படிக்கு,
எம்எஸ்ஸோட வாழற ஒரு வாசகர்