ப்ரூஜிலிருந்து ஓர் அஞ்சலட்டையும் வரும்

ஐந்தோவன், நெதர்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் நலம். ஊரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டதா? ஆற்றில் தண்ணீர் எப்படி? ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில், "படம் அனுப்புகிறாய், தினமும் பேசுகிறாய், எல்லாம் சரி. ஒரு கடிதம் வந்ததா?" என்று கேட்டீர்களே அப்பா. முப்பத்திரண்டு வருடம் ஏரல் தெருக்களில் அடுத்தவர் வீட்டுக் கடிதங்களைச் சுமந்தவர் கேட்கும்போது என்ன பதில் சொல்ல முடியும்? எழுதவும் விஷயம் கிடைத்துவிட்டது. நேற்று பெல்ஜியத்தில் ப்ரூஜ் என்ற பழைய ஊருக்குச் சுற்றுலா பஸ்ஸில் போய்வந்தோம். நாங்கள்தான் ப்ரூஜ் என்கிறோம். ஊர்க்காரர்கள் 'ப்ருக்கெ' என்று தொண்டையைச் செருமுவதுபோலச் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை.

நாலு பேர் போனோம். ஆபீஸில் என் பக்கத்து மேசைக் கோயம்புத்தூர்க்காரி, நர்ஸாக இருக்கும் கொச்சிச் சேச்சி, என்னோடு வீட்டில் தங்கியிருக்கும் போலந்துப் பெண், நான். விடியுமுன் எழுந்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டேன் அம்மா. அது எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டரை மணி நேரப் பயணம். நாட்டின் எல்லையைத் தாண்டியதே தெரியவில்லை. நட்சத்திர வட்டம் போட்ட ஒரு நீலப் பலகை, அவ்வளவுதான். அதற்கப்புறம் பஸ் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. "பெல்ஜியம் வந்தாச்சு" என்று பின்னாலிருந்து ஒரு டச்சுத் தாத்தா சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து ஊரை மட்டம் தட்டுவது எங்கேயும் உண்டு போலிருக்கிறது.

பஸ் ஊருக்குள் போகாது. தெற்கே ஓரமாக இறக்கிவிட்டார்கள். அங்கே பச்சைக் குடையோடு வழிகாட்டி அம்மாள் காத்திருந்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையாம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, நடக்கும்போதே நாலு முறை எங்களை எண்ணிவிட்டார்.

முதலில் மின்னவாட்டர் என்ற குளம். குளம் நிறைய அன்னங்கள். அதற்கு ஒரு கதை சொன்னார். 1488இல் ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்சியாளர் மாக்சிமிலியனையே பிடித்துச் சிறைவைத்து, அவருடைய ஆள் பீட்டர் லாங்க்ஹல்ஸின் தலையை வெட்டிவிட்டார்கள். லாங்க்ஹல்ஸ் என்றால் நீளக் கழுத்து. அந்தப் பாவத்துக்குத் தண்டனையாக, நீளக் கழுத்துப் பறவைகளை என்றென்றைக்கும் ஊர் வளர்க்கவேண்டும் என்று மாக்சிமிலியன் உத்தரவிட்டாராம். "தலை போனது நிஜம், அன்னம் கட்டுக்கதை" என்று அவரே சேர்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

குளத்தை ஒட்டி பெகெய்ன்ஹோஃப். நடுவில் உயர உயரமான மரங்கள், சுற்றிலும் வெள்ளையடித்த வீடுகள். 1245இல் தொடங்கியது. கணவனை இழந்தவர்களும் மணமாகாதவர்களும் சேர்ந்து வாழ்ந்த இடம். கன்னியாஸ்திரிகள் மாதிரி வாழ்ந்தாலும் கன்னியாஸ்திரிகள் இல்லை. உழைத்துச் சம்பாதிக்கலாம், வேண்டாம் என்றால் வெளியே போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம். "நம்ம லேடீஸ் ஹாஸ்டல்தான், வார்டன் தொல்லை மட்டும் இல்லை" என்றாள் கோயம்புத்தூர்க்காரி. 1927இலிருந்து பெனடிக்ட் சபைச் சகோதரிகள் அங்கே இருக்கிறார்கள். உள்ளே சத்தம் போடக்கூடாது என்று பலகை இருப்பதால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடவேண்டியதாயிற்று.

அடுத்த தெருவில் 'அரைநிலா' என்ற பெயரில் ஒரு பழைய பீர் ஆலை. பீரை ஊருக்கு வெளியே புட்டியில் அடைக்கிறார்கள். லாரிகள் இந்தச் சின்னத் தெருக்களில் திரும்பமுடியாமல் தவித்ததால் 2016இல் தெருவுக்கு அடியிலேயே மூன்று கிலோமீட்டருக்கு மேல் பீர்க் குழாய் போட்டுவிட்டார்கள். மாமாவிடம் சொல்லாதீர்கள், அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவார்.

தெரு முழுக்கக் கல் பாவியிருக்கிறது. புதுச் செருப்போடு போனது என் புத்தி. மத்தியானத்துக்குள் குதிகாலில் கொப்புளம். சேச்சி கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து நடுத்தெருவில் உட்காரவைத்து ஒட்டிவிட்டார்.

அம்மா, இது உனக்கு. அன்னை மரியாள் கோயில் ஒன்றுக்குப் போனோம். மைக்கலாஞ்சலோ பளிங்கில் செதுக்கிய மாதாவும் குழந்தையும் அங்கே இருக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன் ப்ரூஜ் துணி வியாபாரிகள் விலைகொடுத்து வாங்கிவந்தது. அதைப் பார்க்கத் தனியாக டிக்கெட் உண்டு. 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், பிறகு திரும்பி வந்திருக்கிறது. 1944இல் ஜெர்மானியர்கள் மெத்தையில் சுற்றிச் செஞ்சிலுவை லாரியில் கடத்திப்போனார்கள். போர் முடிந்தபோது ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்துக்குள்ளிருந்து மீட்டார்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் நீ கும்பிடுகிற மாதாவிடம் இருக்கிற அலங்காரம் எதுவும் இவளிடம் இல்லை. குழந்தை மடியில் இல்லை. கீழே நிற்கிறது, ஒரு காலை வெளியே எடுத்து வைக்கப்போகிறது. அவள் பிடித்து நிறுத்தவில்லை, கையை மட்டும் லேசாகப் பற்றியிருக்கிறாள். குழந்தையையும் பார்க்கவில்லை, எங்கேயோ கீழே பார்க்கிறாள். தூத்துக்குடி ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது நீ என்னைப் பார்க்காமல் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியையே திருகிக்கொண்டிருந்தாயே. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வழிகாட்டி அம்மாள் அப்போது மட்டும் என்னை எண்ணாமல் விட்டுவிட்டார்.

அப்புறம் படகு. வாய்க்கால்களில் அரை மணி நேரம். அப்பா, உங்களுக்கான விஷயம் இங்கே இருக்கிறது. ப்ரூஜ் கடற்கரை ஊர் இல்லை. 1134இல் பெரும்புயல் அடித்துக் கடல் உள்ளே புகுந்தபோது ஸ்வின் என்று ஒரு கால்வாயைத் தானே வெட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஊர் எழுந்துவிட்டது. இங்கிலாந்துக் கம்பளி, வெனிஸ் கப்பலில் பட்டு, மிளகு, எல்லாம் இங்கே இறங்கியிருக்கின்றன. மிளகு என்றதும் வழிகாட்டி அம்மாள் எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்து, "உங்கள் நாட்டிலிருந்து வந்தது" என்றார். "எங்கள் மலையிலிருந்து" என்று சேச்சி திருத்தினார். விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு அந்தக் கால்வாயில் வண்டல் சேர்ந்தது. தோண்டத் தோண்டத் தூர்ந்தது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தாரே, அதன் பிறகு போர்த்துகீசியர்கள் மிளகைக் கொண்டுவந்து 1501இல் இறக்கியது ப்ரூஜில் இல்லை, ஆண்ட்வெர்ப்பில். வெளியூர் வணிகர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ப்ரூஜ் பஞ்சத்தில் அடிபட்ட ஊராம், பெண்கள் லேஸ் பின்னி வயிறு கழுவியிருக்கிறார்கள். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடம் காசு இருந்தது? அதனால் வீடுகள் பிழைத்தன. இப்போது அந்த வீடுகளைப் பார்க்கத்தான் எங்களைப்போல் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பழையது என்று நாம் வாயைப் பிளக்கிற முகப்புகளில் பல, பிற்காலத்தில் பழையபடி தெரிவதற்காகச் செப்பனிட்டவை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எனக்குக் கொற்கைதான் ஞாபகம் வந்தது. சைக்கிள் கம்பியில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போய் வன்னிமரத்தடியில் இறக்கிவிட்டு, "பாண்டியன் துறைமுகம் இதுதான்" என்பீர்கள். சுற்றிலும் வயலும் வாழையும்தான் இருக்கும். கடல் எங்கே என்று அழுவேன். ஆறு கொண்டுவந்த வண்டல் தள்ளிவிட்டது என்று சொன்னதை அன்று நான் நம்பவில்லை. நேற்று எங்கள் கூட்டத்தில் ஒரு சின்னப் பையனும் வழிகாட்டி அம்மாளிடம் அதையேதான் கேட்டான்.

மத்தியானச் சாப்பாடு. பெரிய சதுக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு விற்கிறார்கள், அங்கே அதுதான் பிரசித்தம். எதற்கும் கேட்டுவிடலாம் என்று எதில் பொரிக்கிறீர்கள் என்றேன். மாட்டுக் கொழுப்பு என்றார் கடைக்காரர். சுத்த சைவமான கோயம்புத்தூர்க்காரி அதற்குள் பாதிப் பொட்டலத்தை முடித்திருந்தாள்! மிச்சத்தை போலந்துப் பெண் வாங்கித் தின்றுவிட்டாள். எலுமிச்சம்பழச் சாதம் அப்போதுதான் வெளியே வந்தது. கோயம்புத்தூர்க்காரியும் நானும் மணிக்கூண்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கழிப்பறைக்கு மட்டும் காசு கேட்கிறார்கள். ஆச்சியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

சாப்பிட்ட கையோடு மணிக்கூண்டு ஏறினேன். 83 மீட்டர் உயரம், 366 படி. மேலே போகப் போகச் சுழல்படி குறுகி, இறங்குகிறவர் வந்தால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளவேண்டும். சேச்சி கீழேயே நின்றுகொண்டார், கொப்புளத்தோடு நான் ஏறினேன். உச்சியில் 47 மணிகள். முளைகள் பதித்த பெரிய உருளை ஒன்று சுழல, அதற்கேற்ப மணிகள் தானாக ராகம் பாடுகின்றன. நான் நிற்கும்போதே மூன்றேகால் அடித்தது. அந்த அதிர்வு பல்லில் தெரிந்தது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கடற்கரை தெரியுமாம். நேற்று மேகம்.

இறங்கும்போது கோயம்புத்தூர்க்காரியைக் காணோம். சாக்லேட் கடையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தேடியதில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் தாமதம். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. இந்த ஊர்களில் இது ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் பயம்.

ஓடிவருகிற வழியில் அஞ்சல் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. பெல்ஜியத்தில் நம் ஊர் மாதிரியே சிவப்பு. மணிக்கூண்டுப் படம் போட்ட அட்டையில் நம் விலாசம் எழுதிக் கையிலேயே வைத்திருந்தேன், போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் நாளைக் காலை ஐந்தோவனில் ஆரஞ்சுப் பெட்டிக்குள் போகும். எது முதலில் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அப்பா. பின்கோடு இரண்டிலும் சரியாக எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்