பிளஸ் ஒன் பாடங்களை விடுதிப் பள்ளிகள் கைவிடாதிருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்று 2025ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தபோது, மாணவர்களின் சுமை குறையும் என்று பலரும் வரவேற்றனர். மகனைத் தனியார் விடுதிப் பள்ளியில் படிக்கவைத்த தாயாகிய எனக்கோ அந்த அறிவிப்பு கவலையைத் தந்தது.

விடுதிப் பள்ளிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தண்டையார்பேட்டையில் ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்ட வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வசித்தோம். இரவில் தண்ணீர் பிடிக்கும் குடங்களின் ஓசைக்கும், துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கும் நடுவே, புத்தகத்தை விரித்து உட்கார என் மகனுக்கு ஓர் இடமில்லை. 2009இல் நகைகளை அடகுவைத்து அவனை நாமக்கல் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் வகுப்பில் சேர்த்தோம். வேளைக்கு உணவு, படிக்க ஒரு மேசை, இரவு ஒன்பது மணிக்கும் சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர் என எங்களால் தர இயலாத அனைத்தும் அங்கே அவனுக்குக் கிடைத்தன. தன் துணியைத் தானே துவைக்கவும், வேறு மாவட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் அனுசரித்து வாழவும் கற்றுக்கொண்டான். அந்த நட்புகள் இன்றும் தொடர்கின்றன.

ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளும் அவனுக்குப் பிளஸ் டூ பாடங்களையே நடத்தினார்கள். 1200க்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றவன், பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில், பிளஸ் ஒன்னில் படித்திருக்க வேண்டிய நுண்கணித அடிப்படை தெரியாமல் தவித்ததைக் கண்டபோதுதான் நாங்கள் இழந்தது எங்களுக்குப் புரிந்தது. 2007இல் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டு, தொழிற்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையானதிலிருந்து பல பள்ளிகள் இவ்வாறே நடந்தன. அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 மதிப்பெண் என்றானது.

படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் உதகையில் தொடங்கி, பின்னர் அருகிலுள்ள லவ்டேலுக்கு இடம்மாறிய லாரன்ஸ் பள்ளி போன்றவற்றில், விளையாட்டும் கூட்டு வாழ்வும் கல்வியின் பகுதிகளாக இருந்தன. பின்னர் வந்தவை மதிப்பெண்ணுக்கான விடுதிகள். 2017இல் நீட் கட்டாயமான பிறகு, பல வளாகங்கள் பயிற்சி மையங்களாகவே மாறிவிட்டன. இப்போது விடுதியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தேர்வு; மைதானம் இருந்தும் அதில் இறங்க அவளுக்கு நேரமில்லை.

எனவே, பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி விடுதிப் பள்ளிகளுக்குச் சென்று, பிளஸ் ஒன் மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்வையிட வேண்டும். பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் புதுப்பிக்கப்படும்போது, கட்டடத்தோடு பிள்ளைகள் உறங்கும் நேரத்தையும் விளையாடும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வசதியில்லாத எங்கள் பகுதிக் குடும்பங்களுக்காக, மாநகராட்சிப் பள்ளிகளின் சில வகுப்பறைகளையாவது இரவு ஒன்பது மணிவரை ஆசிரியர் துணையுடன் திறந்துவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.